மதியம் ‘டக்’ என்ற சத்தம் மட்டும், இன்ஜின் சுற்றவில்லை (24 வோல்ட் செயின் வண்டி, செல்ஃப் பிரச்சினை)

குவாரி குமரன்
வணக்கம். கரூர் பக்கம் கல்குவாரியில் ஓடும் 20 டன் செயின் வண்டி (எக்ஸ்கவேட்டர்). 6 சிலிண்டர், 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரி. காலையில் சாவியைத் திருப்பினால் உடனே எடுத்துக்கொள்கிறது. மதியம் சாப்பாட்டுக்கு நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆறவிட்டால் சில நாள் எடுக்கும், சில நாள் அடம் பிடிக்கும். பேட்டரி இரண்டும் புதுசு. செல்ஃப் மோட்டாரை (இன்ஜினைச் சுற்றி எடுக்கவைக்கும் ஸ்டார்ட்டர்) இறக்கி ஆர்மேச்சர் (உள்ளே சுழலும் கம்பிச்சுற்று) கட்டி, கார்பன், புஷ் எல்லாம் மாற்றியாயிற்று. போன வருஷமும் ஆர்மேச்சர் எரிந்து கட்டியதுதான். இப்போது கடையில் புது செல்ஃபே வாங்கிப் போடச் சொல்கிறார்கள். விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. ஆபரேட்டர் ஸ்குரூ டிரைவரை வைத்து செல்ஃபில் ஷார்ட் பண்ணினால் மட்டும் ஜம்மென்று சுற்றுகிறது. என்ன செய்யலாம்?

பேக்ஹோ பாலு
ஷார்ட் பண்ணினால் சுற்றுகிறது என்றால் செல்ஃப் நன்றாகத்தான் இருக்கிறது. டேஷில் ஒரு புஷ் பட்டன் வைத்து நேராக வயர் இழுத்துவிடுங்கள். என் வண்டியில் அப்படித்தான் ஓடுகிறது. ஒரு மணி நேர வேலை.

திருச்செங்கோடு வயர்மேன்
பாலு அண்ணன் முதல் வரியில் சொன்னது சரி. இரண்டாவது வரிக்கு அப்புறம் வருகிறேன்.

குமரன், ஆபரேட்டர் எந்த இரண்டு போல்ட்டை ஷார்ட் பண்ணுகிறார் என்று பார்த்துச் சொல்லுங்கள். பேட்டரி கேபிள் வந்து உட்காரும் தடித்த போல்ட் பி டெர்மினல். சொலனாய்டிலிருந்து (செல்ஃப் மேல் இருக்கும் காந்த சுவிட்ச்) மோட்டாருக்குள் போகும் தடித்த போல்ட் எம். சாவியிலிருந்து சின்ன வயர் வரும் இடம் எஸ். பி-யையும் எஸ்-ஸையும் சேர்த்தபோது இன்ஜின் சுற்றினால் பேட்டரி, தடித்த கேபிள், சொலனாய்டு, உள்ளே உள்ள காண்டாக்ட், மோட்டார் எல்லாமே வேலை செய்கின்றன என்று அர்த்தம். குறை சாவி பக்கத்து வயரிங்கில். பி-யையும் எம்-மையும் சேர்த்தால் பினியன் (செல்ஃப் முனையில் உள்ள சின்னப் பல்சக்கரம்) வெளியே வராமல் மோட்டார் மட்டும் ‘உய்ங்’ என்று வெறுமனே ஓடும். அதில் தெரிவது மோட்டாருக்கு உயிர் இருக்கிறது என்பது மட்டும்தான்.

இன்னொன்று. ஷார்ட் பண்ணும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். செயின் பக்கத்தில் நின்றுகொண்டு, லீவர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் இன்ஜினை எடுப்பது ஆளைக் கொல்லும் வேலை. டிராக்டரில் இப்படிச் செய்து சக்கரத்துக்குள் போனவர்கள் எத்தனையோ பேர்.

‘டக்’ சத்தம் எங்கே கேட்கிறது? கேபினிலா, செல்ஃபிலா? சத்தம் வரும் நொடியில் பேட்டரி போஸ்ட்டில் எத்தனை வோல்ட்? இந்த இரண்டும் தெரியாமல் யார் என்ன சொன்னாலும் குத்துமதிப்புதான்.

தோகா மெக்கானிக்
வயர்மேன் கேட்ட கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் விரிக்கிறேன். பேட்டரி போஸ்ட்டில் மீட்டரை வைத்துக்கொண்டு ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும். மூன்றில் ஒன்று நடக்கும்.

வோல்ட் கிட்டத்தட்ட இறங்கவே இல்லை, 24-க்கு மேலேயே நிற்கிறது என்றால் மோட்டாருக்குக் கரண்ட் போகவில்லை. பேட்டரியைக் குறை சொல்ல வழியே இல்லை. சொலனாய்டு காண்டாக்ட் எரிந்திருக்கலாம், எஸ் டெர்மினலுக்கு வர வேண்டியது வராமல் இருக்கலாம், கேபிள் விட்டிருக்கலாம்.

18, 19-க்கு இறங்கி இன்ஜின் அசையவில்லை என்றால் கரண்ட் போகிறது, ஆனால் சுற்ற முடியவில்லை. மோட்டார் உள்ளே ஷார்ட், அல்லது இன்ஜின் இறுகிவிட்டது. இப்படி வந்தால் செல்ஃபைக் கழற்றும் முன் கிராங்க் புல்லியில் பாரை வைத்து இன்ஜினைக் கையால் சுற்றிப் பாருங்கள். சிலிண்டருக்குள் தண்ணீரோ டீசலோ இறங்கி நிற்கும் வண்டியை மறுபடி மறுபடி கிராங்க் பண்ணினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எக்ஸ்கவேட்டரில் ஹைட்ராலிக் பம்ப் இன்ஜினோடு நேராகக் கோர்த்திருப்பதால் பம்ப் பிடித்துக்கொண்டாலும் இதே குறிதான்.

ஒரேயடியாக 12, 13-க்கு விழுந்து ‘டக டக டக’ என்று படபடத்தால் பேட்டரி போயிற்று, அல்லது பேட்டரி டெர்மினலில் பிடிமானம் இல்லை. சொலனாய்டில் இழுக்கும் காயில் ஒன்று, பிடித்துவைக்கும் காயில் ஒன்று இருக்கும். இழுத்து காண்டாக்ட் ஒட்டியதும் மோட்டார் கரண்ட்டை உறிஞ்சுகிறது, வோல்ட் விழுகிறது, பிடிக்கும் காயிலுக்குத் தெம்பு போய் விட்டுவிடுகிறது. விட்டதும் வோல்ட் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. படபடப்பு இப்படித்தான் வருகிறது. பேட்டரி நன்றாக இருந்தும் படபடத்தால் பிடிக்கும் காயில் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், கேபிளை ஓம் மீட்டரில் வைத்து ‘பீப்’ வருகிறது, நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. இந்த அளவு செல்ஃப் சுற்றும்போது 400 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒரு லக்கில் 0.005 ஓம் தடை இருந்தால் அங்கேயே 2 வோல்ட் காலி. கையில் பிடிக்கும் மல்டிமீட்டரில் அந்த 0.005 ஓம் தெரியவே தெரியாது. அதனால் ஓம் பார்க்காதீர்கள், சுற்றும்போது வோல்ட் டிராப் பாருங்கள். ஒரு புரோப் பேட்டரி ப்ளஸ் போஸ்ட்டில், மற்றது செல்ஃபின் பி போல்ட்டில். கிளாம்பில் வைக்கக்கூடாது, ஈயப் போஸ்ட்டின் மேலேயே வைக்க வேண்டும். அடுத்து பேட்டரி மைனஸ் போஸ்ட், செல்ஃப் பாடி. 24 வோல்ட் வண்டியில் ஒவ்வொரு பக்கமும் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் எனக்குத் திருப்தி. 1 வோல்ட் தாண்டினால் ஒவ்வொரு ஜாயின்ட்டாகத் தேட வேண்டும். இதையெல்லாம் பார்க்கும்போது எரிபொருளை நிறுத்திவிட்டுப் பாருங்கள், இன்ஜின் எடுத்துக்கொள்ளக் கூடாது.

குவாரி குமரன்
நன்றி. ஆபரேட்டர் சேர்ப்பது பி-யும் எஸ்-ஸும். சத்தம் செல்ஃபிலிருந்துதான், கையை வைத்தால் அதிர்வு தெரிகிறது.

காலையில் நன்றாகச் சுற்றும்போது: பேட்டரி 21.4, ப்ளஸ் பக்கம் டிராப் 0.4, எர்த் பக்கம் 0.2.

மதியம் ‘டக்’ மட்டும் வந்தபோது: சாவி போடும் முன் 25.2, திருப்பியதும் பேட்டரி 24.5. ப்ளஸ், எர்த் இரண்டு பக்கமும் 0.1 கூட இல்லை. நானாகவே எஸ் டெர்மினலுக்கும் செல்ஃப் பாடிக்கும் நடுவில் வைத்துப் பார்த்தேன், 16.9 காட்டியது. இது சரியா?

திருச்செங்கோடு வயர்மேன்
பிடித்துவிட்டீர்கள். பேட்டரியில் 24.5, எஸ்-ஸில் 16.9. நடுவில் 7.6 வோல்ட்டை யாரோ தின்கிறார்கள்.

இந்த அளவு சொலனாய்டு இழுக்கும் நொடியில் 30, 40 ஆம்பியர் கேட்கும். வோல்ட் குறைந்தால் பிளஞ்சர் (சொலனாய்டுக்குள் நகரும் இரும்புத் தண்டு) அரை மனதாக நகர்ந்து பினியனை ரிங் கியரில் (ஃபிளைவீலைச் சுற்றியுள்ள பல்வளையம்) முட்டவைத்துவிட்டு நின்றுவிடும், காண்டாக்ட் வரை போகாது. உங்களுக்குக் கேட்கும் ‘டக்’ அதுதான்.

மதியம் மட்டும் ஏன் என்றால், காயில் செம்பு. 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடானால் அதன் தடை கிட்டத்தட்ட கால் பங்கு கூடிவிடும். இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் சொலனாய்டு நிறுத்தியபின் இன்னும் சூடேறும், காற்றும் கிடையாது. காலையில் விளிம்பில் நின்று எப்படியோ இழுத்தது மதியம் இழுக்காது. உங்கள் செல்ஃப் கடையில் பெஞ்சில் வைத்துத் தடித்த வயரில் நேர் சப்ளை கொடுத்துப் பார்த்திருப்பார்கள், அங்கே நன்றாகத்தான் ஓடியிருக்கும்.

இனி தேட வேண்டியது: சாவி சுவிட்ச், லாக் லீவர் (ஹைட்ராலிக் லீவர்கள் வேலை செய்யாமல் பூட்டும் லீவர்) சுவிட்ச், சேஃப்டி ரிலே, அதிலிருந்து எஸ் வரை வரும் வயர். பேட்டரி ப்ளஸ்ஸில் ஒரு புரோப்பை வைத்துக்கொண்டு, மற்றதை இந்த வழியில் ஒவ்வொரு முனையாக நகர்த்துங்கள். எங்கே திடீரென்று எண் குதிக்கிறதோ அதற்கு முன்னால் இருப்பதுதான் குற்றவாளி. சாவிக்குப் பின்பக்கம் யாராவது புதுசாக வயர் இழுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

ஐடிஐ மாணவன்
சார், ஒரு சந்தேகம். அந்த வயரைக் கழற்றி டெஸ்ட் லேம்ப் வைத்தால் எரியுமே? அப்போது வயர் நல்லது என்றுதானே வரும்?

திருச்செங்கோடு வயர்மேன்
எரியும் தம்பி. சின்ன பல்பு கால் ஆம்பியர்கூட எடுக்காது. பத்து இழையில் ஒன்பது அறுந்திருந்தாலும் மீதி ஒரு இழையில் அந்தக் கரண்ட் போய்விடும். 35 ஆம்பியர் கேட்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். டெஸ்ட் லேம்ப்பை வைத்தே பார்க்க வேண்டும் என்றால் 24 வோல்ட் ஹெட்லைட் பல்பு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், அது 3 ஆம்பியராவது இழுக்கும்.

குவாரி குமரன்
கண்டுபிடித்தாயிற்று. வண்டியைப் பழசாகத்தான் வாங்கினேன். சாவி சுவிட்சுக்குப் பின்பக்கம் திறந்தால் கம்பெனி வயர் இரண்டையும் வெட்டி டேப் சுற்றிவிட்டு, ஒரு மெல்லிய சிவப்பு வயரை நேராக செல்ஃப் எஸ் வரைக்கும் இழுத்திருக்கிறார்கள். 1.5 ஸ்கொயர் எம்எம் வீட்டு வயர். சுவிட்சின் ஸ்டார்ட் முனையில் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருக்கிறது, ஸ்பேட் டெர்மினலைத் தொட்டால் ஆடுகிறது. சேஃப்டி ரிலே அதன் இடத்திலேயே இருக்கிறது, ஆனால் அதற்கு வயரே இல்லை.

லாக் லீவரைக் கீழே இறக்கி (பூட்டை எடுத்த நிலை), சாவி போட்டுப் பார்த்தேன். அப்படியும் சுற்றியது. சுற்றவே கூடாதுதானே?

தோகா மெக்கானிக்
சுற்றவே கூடாது. கணக்கும் சரியாக வருகிறது பாருங்கள். 1.5 வயர் மீட்டருக்குக் கிட்டத்தட்ட 12 மில்லி ஓம். கேபினிலிருந்து சுற்றிக்கொண்டு இன்ஜின் வரை 10 மீட்டர் என்றால் 0.12 ஓம், 35 ஆம்பியருக்கு 4 வோல்ட்டுக்கு மேல் போகிறது. மீதி 3 வோல்ட் அந்த உருகிய முனையில்.

உங்கள் ஆர்மேச்சர் ஏன் மறுபடி மறுபடி எரிகிறது என்பதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். சேஃப்டி ரிலேயின் வேலை இன்ஜின் எடுத்ததும் செல்ஃபைத் துண்டிப்பது. ஆல்டர்னேட்டரின் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் பண்ணுவது) ஆர் டெர்மினலில் வோல்ட் வந்துவிட்டால் இன்ஜின் ஓடுகிறது என்று அதற்குத் தெரியும், அப்புறம் சாவியை எத்தனை தடவை திருப்பினாலும் எஸ்-ஸுக்குச் சப்ளை போகாது. அதை வெட்டிவிட்டால் குவாரிச் சத்தத்தில் இன்ஜின் எடுத்தது தெரியாமல் ஆபரேட்டர் சாவியைப் பிடித்துக்கொண்டே இருப்பார். ரிங் கியரில் நூற்றுக்கு மேல் பல், பினியனில் பத்துப் பன்னிரண்டு. இன்ஜின் ஐடிலுக்கு வந்தாலே பினியன் எத்தனை ஆயிரம் ஆர்பிஎம்மில் பறக்கும் என்று பாருங்கள். ஒருவழி கிளட்ச் காப்பாற்றும் வரை காப்பாற்றும், அது பிடித்துக்கொண்டால் ஆர்மேச்சர் சுற்றி வைத்த கம்பி எல்லாம் வெளியே தெறிக்கும். கடையில் உங்கள் பழைய ஆர்மேச்சர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், கருகியிருந்ததா, கம்பி பிய்ந்திருந்ததா என்று. கருகல் என்றால் நீண்ட நேரக் கிராங்க் அல்லது குறை வோல்ட். பிய்ந்தது என்றால் இந்தக் கதைதான்.

கிராங்க் பண்ணும் நேரத்தைப் பற்றியும் ஆபரேட்டரிடம் சொல்லிவையுங்கள். ஒரு தடவைக்கு 30 விநாடிக்கு மேல் கூடாது, அடுத்த தடவைக்கு முன் 2 நிமிஷமாவது ஆறவிட வேண்டும்.

பேக்ஹோ பாலு
எல்லாம் சரி. ஆனால் ரிலே சைட்டில் ராத்திரி 10 மணிக்குப் போனால் யார் கொண்டுவந்து கொடுப்பார்? வண்டி நின்றால் ஒரு நாள் வாடகை போகிறது. கம்பெனி ஆளுக்கு போன் போட்டால் நாளை மறுநாள் என்கிறான். அதனால்தான் எங்கள் ஆட்கள் நேராக இழுக்கிறார்கள். சும்மா குறை சொல்லக்கூடாது.

திருச்செங்கோடு வயர்மேன்
அண்ணே, உங்கள் கஷ்டம் புரிகிறது, நானும் ராத்திரி போன் எடுக்கிறவன்தான். ரிலே ஒன்றை வாங்கிக் கேபினில் போட்டுவைக்கலாமே. ஒரு நாள் வாடகையில் கொஞ்சம்கூட ஆகாது. அவசரத்துக்கு நேராக இழுத்தால் மறுநாள் அதைப் பிரித்துப் பழைய மாதிரி மாட்ட வேண்டும். குமரன் வண்டியில் அந்த ‘அவசரம்’ ஓனர் மாறியும் அப்படியே இருக்கிறது.

பேக்ஹோவில் இது இன்னும் மோசம். ஃபார்வர்டு ரிவர்ஸ் லீவர் நியூட்ரலில் இல்லாமல் ஸ்டார்ட் ஆனால் வண்டி நகரும். உங்கள் பட்டன் அந்த நியூட்ரல் சுவிட்சைக் கேட்காது.

தோகா மெக்கானிக்
பாலு சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. அந்த ரிலே வேறு விதமாகவும் ஏமாற்றும். ஆல்டர்னேட்டரில் டயோடு பழுதாகி, இன்ஜின் நிற்கும்போதே ஆர் டெர்மினலுக்கு வோல்ட் கசிந்தால், இன்ஜின் ஓடுவதாக நினைத்து ரிலே செல்ஃபை விடாது. சாவி போட்டால் ‘டக்’ கூட வராது, சுத்த மௌனம். செல்ஃபை மாற்றி, சாவி சுவிட்சை மாற்றி, கடைசியில்தான் ஆல்டர்னேட்டருக்கு வருவார்கள். ஆர் வயரைக் கழற்றிவிட்டு சாவி போட்டுப் பாருங்கள். சுற்றினால் குறை ஆல்டர்னேட்டரில்.

குவாரி குமரன்
புது ரிலே போட்டு, சாவி சுவிட்ச் மாற்றி, ரிலேயிலிருந்து எஸ் வரை 6 ஸ்கொயர் வயர் இழுத்து, லாக் லீவர் சுவிட்சையும் பழையபடி சேர்த்தாயிற்று. மதியச் சூட்டில் எஸ் டெர்மினலில் 23.1. ஒரே திருப்பில் எடுக்கிறது. பழைய ஆர்மேச்சரைக் கடையில் தேடிப் பார்த்தேன், கம்யூட்டேட்டர் பக்கம் கம்பி பிரம்பு மாதிரி வெளியே வளைந்து நிற்கிறது. லீவர் கீழே இருந்தால் இப்போது சுற்றுவதில்லை. ஆபரேட்டர்தான் ‘வண்டி கோளாறு’ என்று போன் போட்டார்.

ரிக் ஓனர்
இதே இழையில் கேட்டுவிடுகிறேன். போர்வெல் போடும் ரிக் வண்டி. கம்ப்ரஸர் இன்ஜினுக்குத் தனி 24 வோல்ட் பேட்டரி செட். கிராங்க் மெதுவாக ‘ர்ர்.. ர்ர்..’ என்று சுற்றுகிறது. பேட்டரி எட்டு மாதத்துக்கு மேல் வருவதில்லை, அதிலும் எப்போதும் ஒரே ஒரு பேட்டரிதான் போகிறது.

திருச்செங்கோடு வயர்மேன்
நம்ம ஊர் வண்டி! ஒரே பேட்டரி போகிறது என்றதும் சந்தேகம் பாட்டு செட் மேல்தான். 12 வோல்ட் செட், ஃபேன், போன் சார்ஜர் எதையாவது நடுவிலிருந்து, அதாவது எர்த் பக்கத்துப் பேட்டரியிலிருந்து மட்டும் எடுத்திருக்கிறார்களா?

அப்படி எடுத்தால் அந்தப் பேட்டரி எப்போதும் குறைச் சார்ஜில் கிடக்கும். ஆல்டர்னேட்டருக்கு மொத்தம் 28 வோல்ட் மட்டும்தான் தெரியும், யாருக்கு எவ்வளவு என்று தெரியாது. ஒன்று 13-இல் பட்டினி, மற்றது 15-இல் கொதிக்கும். ஒன்றில் தகடு வெள்ளை பூக்கும், மற்றதில் தண்ணீர் வற்றும். 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றைப் போட்டு செட்டை அதில் மாட்டுங்கள். பேட்டரி மாற்றும்போது இரண்டையும் ஒரே நாளில், ஒரே சைஸில் மாற்றுங்கள். பாதி காசு மிச்சம் என்று ஒன்றை மட்டும் மாற்றினால் பழசு புதுசையும் இழுத்துக்கொண்டு போகும்.

தோகா மெக்கானிக்
பேட்டரியைத் தனித்தனியாக லோடு டெஸ்ட் பண்ணுங்கள். முழுச் சார்ஜில், சிசிஏ எண்ணில் (குளிரில் ஸ்டார்ட் பண்ணத் தரக்கூடிய ஆம்பியர், பேட்டரி மேலேயே போட்டிருக்கும்) பாதி ஆம்பியரை 15 விநாடி இழுத்தால் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. சும்மா வைத்துப் பார்த்தால் 12.6 காட்டும் செத்த பேட்டரியை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கம்ப்ரஸர் என்பதால் இன்னொன்று. ஸ்குரூ கம்ப்ரஸர் இன்ஜினோடு நேராகக் கோர்த்திருக்கும். நிறுத்தியபின் டேங்க் பிரஷர் முழுக்க இறங்காமல் மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் செல்ஃப் இன்ஜினையும் சுமந்து, உள்ளே நிற்கும் காற்றையும் அழுத்த வேண்டும். அந்தக் காற்றை வெளியேற்றும் புளோடவுன் வால்வு அடைத்திருந்தால் பேட்டரி மேல் பழி விழும். கேஜ் பூஜ்யத்துக்கு வந்தபின் ஒரு தடவை, வரும் முன் ஒரு தடவை கிராங்க் பண்ணிப் பாருங்கள், வித்தியாசம் காதிலேயே கேட்கும்.

டம்பர் பெருசு
நான் சுரங்கத்தில் டம்பர் பார்த்து ரிட்டையர் ஆனவன். உங்கள் வோல்ட், ஆம்பியர் எல்லாம் இல்லாத ஸ்டார்ட்டரும் உண்டு தம்பிகளா. பெரிய டம்பர் இன்ஜினில் காற்று செல்ஃப் வைத்திருப்பார்கள். டேங்கில் 100 பிஎஸ்ஐக்கு மேல் காற்று, வால்வைத் திறந்தால் ‘ஷ்ஷ்’ என்று ஒரே ஊளை, இன்ஜின் எடுத்துவிடும். எரிய ஆர்மேச்சர் இல்லை. ஆனால் டேங்க் தண்ணீரை வடிக்காமல் விட்டால் உள்ளே வேன் (காற்று தள்ளிச் சுற்றவைக்கும் தகடு) துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், லூப்ரிகேட்டரில் எண்ணெய் இல்லாவிட்டால் தேய்ந்துவிடும். செக் வால்வு கசிந்தால் காலையில் டேங்க் காலி, பக்கத்து டம்பரிலிருந்து ஹோஸ் போட வேண்டும். ஊளை வருகிறது, இன்ஜின் சுற்றவில்லை என்றால் நேராகப் பினியனைப் பாருங்கள்.

எடுக்காத இன்ஜினுக்கு ஈதர் ஸ்பிரே அடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்டேக் ஹீட்டரோ குளோ பிளக்கோ உள்ள இன்ஜினில் அடிக்காதீர்கள். மேனிஃபோல்டு வெடிக்கும்.

பேக்ஹோ பாலு
பட்டனைக் கழற்றுவதைப் பற்றி யோசிக்கிறேன், இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும். வேறு ஒரு கேள்வி. சில சமயம் ‘கிர்ர்ர்’ என்று அரைக்கும் சத்தம் மட்டும் வருகிறது. ஃபேனைக் கையால் கொஞ்சம் தள்ளிவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் எடுக்கிறது. பினியன் மாற்றியாயிற்று, அப்படியும் இருக்கிறது.

திருச்செங்கோடு வயர்மேன்
ரிங் கியர் அண்ணே. இன்ஜின் நிற்கும்போது அடுத்த கம்ப்ரஷனில் முட்டித்தான் நிற்கும். 4 சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு இரண்டு கம்ப்ரஷன், அதனால் ஃபிளைவீல் ஏறக்குறைய எதிரெதிர் இரண்டு இடத்திலேயே நிற்கும், பினியன் எப்போதும் அங்கேயே இடிக்கும். 6 சிலிண்டர் என்றால் மூன்று இடம். செல்ஃபைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துக்கொண்டு இன்ஜினை முழு ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். இரண்டு இடத்தில் மட்டும் பல் நுனி மழுங்கி, மீதி எல்லாம் புதுசு போல் இருக்கும்.

மாற்றுவதென்றால் கியர்பாக்ஸ் இறக்க வேண்டும். பழையதை ஒரு பல்லின் அடியில் துளைபோட்டு உளியால் அடித்தால் விட்டுவிடும். புதியதைச் சுற்றிலும் ஒரே சீராக 200 டிகிரி வரை சூடாக்கி ஃபிளைவீலில் இறக்குங்கள், அடுப்பில் வைத்தால் இன்னும் நல்லது. ஒரே இடத்தில் கேஸ் ஃபிளேமைப் பிடித்துப் பல்லில் நீலம் ஏறவிட்டால் கடினம் போய் மறுபடி மழுங்கும். உட்கார்ந்தபின் தானாக ஆற வேண்டும், தண்ணீர் ஊற்றக்கூடாது. சூடாக்கும் முன்பே பல் சாய்த்து வெட்டியிருக்கும் பக்கம் எது என்று பார்த்து மார்க் பண்ணிக்கொள்ளுங்கள், பினியன் வந்து நுழையும் பக்கம்தான் அந்தச் சாய்வு இருக்க வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டால் கியர்பாக்ஸை மறுபடி இறக்கும் கூலி உங்கள் தலையில்.